மருந்திருக்குத்தானே எண்டு சொன்ன மகனுக்கு

தம்பி,

சுகம் விசாரிச்சுத் தொடங்குற கடுதாசி இல்லை இது. நீ சுகமாய்த்தான் இருக்கிறாய் எண்டு போன கிழமை வந்து என்னோடை வாய்காட்டினதிலையே தெரிஞ்சுது. நாங்கள் இருக்கிற கோலத்தை நீயும் கண்டனீதானே. நான் எழுத வந்த விசயம் ஒண்டே ஒண்டு. நெல்லியடியிலை உன்ரை மாமனார் பகுதிக் கோயிலுக்குக் கும்பாபிசேகம் வருது. கோபுரக் கலசங்களுக்குப் பொன்முலாம் பூசித் தாறன் எண்டு நீ வாக்குக் குடுத்திட்டாய். அதுக்குக் கொப்பற்றை பாதரசப் போத்தலைக் கேட்டு வந்தனீ. தரமாட்டன் எண்டன். கொப்பருக்கு நடந்ததைக் கண்ணாலை கண்டு போட்டுமோ எண்டு கேட்டன். அதுக்கு நீ என்ன சொன்னனீ? சைக்கிள் ஹாண்டிலைப் பிடிச்சபடி, "அதுக்குத்தான் இப்ப மருந்திருக்குத்தானே அம்மா" எண்டு சொல்லிப்போட்டு, படலையையும் சாத்தாமல் போட்டாய். அந்தப் படலையாலை ஆடு வந்து என்ரை கத்தரிக் கண்டு முழுக்கத் திண்டது வேறை கதை.

முகத்துக்கு நேரை கதைச்சால் நீ எழும்பிப் போயிடுவாய். கொப்பரும் அப்பிடித்தான், உங்கடை பரம்பரைக்கே காது மந்தம். கடுதாசியை விட்டிட்டு எங்கை போவாய்? நீ வாசிக்காட்டிலும் பவானி வாசிப்பாள். அவளுக்கு முன்னாலை வாசி. பவானியின்ரை தாய் தேப்பனுக்கு முன்னாலை வாசி. அந்தக் கோயில் மனேச்சரைக் கூப்பிட்டு இருத்தி வைச்சும் வாசி. ஒளிக்கிறதுக்கு இதிலை ஒண்டுமில்லை. பவானி இப்ப வெறும் ஆளில்லை, வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாள். நீ பாதரசம் வாட்டப் போற அறைக்கும் அவள் படுக்கிற அறைக்கும் நடுவிலை ஒரு பலகைத் தட்டிதான் இருக்கு. அதை நான் வந்து பாத்தனான், அதுதான் எனக்கு நித்திரை இல்லை.

முதலிலை இருந்து சொல்லுறன், ஏனெண்டால் நீ பாதிக் கதையிலை கொழும்பிலை நிண்டனீ. கொப்பர் தொழில் பழகின காலத்திலை கோயில் முலாம் எண்டால் பாதரசம்தான். பொன்னையும் பாதரசத்தையும் சேத்து வெண்ணை மாதிரி அரைச்சு, செம்பிலை தடவி, கரி நெருப்பிலை வாட்ட, பாதரசம் ஆவியாய்ப் போயிடும், பொன் செம்போடை ஒட்டிக்கொண்டு நிக்கும். பேந்து கறண்டாலை பூசுற தொட்டி வந்தது. போத்தல் அலுமாரிக்கு மேலை ஏறிச்சுது. நீ வளந்ததெல்லாம் அந்தத் தொட்டிக் காலத்திலைதான். சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு கறண்ட் நிண்டுது, பற்றறி வரேல்லை, சவுக்காரம் வரேல்லை, மண்ணெண்ணை வரேல்லை. ஆனால் கோயில்காரருக்குக் கும்பாபிசேகம் மட்டும் நிக்கேல்லை. சனத்துக்கும் பயம், பயம் கூடக் கூட நேத்திக்கடனும் கூடிச்சுது. அலுமாரிக்கு மேலை இருந்த போத்தல் கீழை இறங்கிச்சுது.

கொப்பற்றை ஐயா, உன்ரை அப்பப்பா, வாட்டினவர் எண்டால் வெட்டவெளியிலை, காத்து முதுகுப் பக்கத்தாலை வர இருந்து வாட்டினவராம். பாதரசம் பொல்லாததெண்டு அந்த மனுசனுக்கு ஏதோ விளங்கியிருக்கு. இவருக்கும் அது தெரியும். ஆனால் ஹெலியும் குண்டு போடுற பொம்பரும் தலைக்கு மேலை சுத்தேக்கை முத்தத்திலை ஆர் நெருப்பு மூட்டுறது? புகையைக் கண்டால் அடிப்பான் எண்டு ஊர் முழுக்க ஒரே கதை. அதோடை கோயில் பொன், கள்ளருக்கும் பயப்பிட வேணும். யன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, கதவை இறுக்கிச் சாத்தி, குசினிக்குப் பக்கத்து அறைக்குள்ளை குந்தியிருந்து வாட்டினார். பொம்பருக்குத் தெரியக்கூடாதெண்டு முழுப் புகையையும் தானே குடிச்சார். நான் வெளியிலை நிண்டு, புகை வருதோ வருதோ எண்டு கூரையைப் பாத்து, "இல்லை, ஒண்டும் தெரியேல்லை" எண்டு சந்தோசமாய்ச் சொல்லுவன்.

பேந்து கை நடுங்கத் தொடங்கிச்சுது. அந்த நாளையிலை நடுங்காத ஆள் ஆர் இருந்தது, நீயே சொல்லு. ஷெல் விழுந்தால் நடுங்கினம், பங்கருக்குள்ளை இருந்து நடுங்கினம், பொம்பர் போனாப் பிறகும் நடுங்கினம். "பயத்திலை வாறது, எல்லாருக்கும் உப்பிடித்தான்" எண்டு டிஸ்பென்சறியிலை ஒரு டொக்டர் நித்திரைக்குக் குளிசை குடுத்து விட்டார். பல்லு முரசாலை ரத்தம் வந்தது, மரக்கறி சாப்பாடு காணாது எண்டினம். வாயிலை வீணி ஊறித் தலகணி நனைஞ்சுது, வாய்க்குள்ளை செம்புச் சட்டியை வைச்ச மாதிரி இருக்கெண்டார். ஆரும் வீட்டை வந்தால் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை போய் ஒளிச்சு நிண்டார். ஊரையே கூட்டி வைச்சுப் பகிடி விட்ட மனுசன் அவர். சோறு கொஞ்சம் குழைஞ்சதெண்டு கோப்பையைத் தூக்கிச் சுவரிலை எறிஞ்சவர். கலியாணம் முடிச்ச காலம் தொட்டு என்னை ஒரு 'டீ' சொல்லாத மனுசன். நான் அழுதன், பிறகு அவரும் அழுதார். கொப்பற்றை தங்கச்சி, உன்ரை மாமி, சந்நிதி முருகனிட்டைப் போய் நூல் கட்டிக்கொண்டு வந்தா.

கடைசியாய் ஆசுப்பத்திரிக்குப் புதிசாய் வந்த டொக்டர் பிள்ளைதான் கண்டுபிடிச்சது. சின்னப் பெட்டை, உன்னிலும் வயசு குறைவாய்த்தான் இருக்கும். நாங்கள் போய் இருந்த உடனை நாடி பாக்கேல்லை, "ஐயா என்ன தொழில் செய்யிறவர்?" எண்டு கேட்டாள். அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்காத கேள்வி. நகை வேலை, கோயில் வேலை எண்டன். "கோயில் வேலை எண்டால் என்ன மாதிரி?" எண்டு விடாமல் கேட்டாள். நான் முலாம் பூசுறதைச் சொல்லச் சொல்ல அவளின்ரை முகம் மாறிச்சுது. "வாயை ஒருக்காத் திறவுங்கோ ஐயா" எண்டு முரசைப் பாத்துப்போட்டு, பாதரசம் ஏறியிருக்கு எண்டாள். அது மூளையிலையும் சிறுநீரகத்திலையும் போய்க் குந்திக்கொள்ளுமாம். அதைக் கொளுவிப் பிடிச்சு மூத்திரத்தோடை வெளியாலை இழுத்துக்கொண்டு போற ஒரு குளிசை இருக்காம். மூளைக்குள்ளை போனதை முழுக்க இழுக்கவும் ஏலாதாம். பேந்து அவள் சொன்னதை நல்லாய்க் கேள். "அம்மா, முதல் மருந்து அந்த அறையைப் பூட்டுறது. குளிசை ரண்டாவது மருந்துதான். முதலாவதைச் செய்யாமல் ரண்டாவதைக் குடுத்துப் பிரியோசனமில்லை" எண்டாள். நான் தலையாட்டினன். கொப்பரும் தலையாட்டினார். தலையாட்டுறதுக்கு எங்களை ஆரும் வெல்ல ஏலாது.

அந்தக் குளிசை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் இல்லை. காய்ச்சல் குளிசைக்கே சனம் வரிசையிலை நிண்ட காலம். நீதான் கிளாலிக் கடலாலை வள்ளமேறிக் கொழும்புக்குப் போனனீ. முதல்தரம் வாங்கிக்கொண்டு வந்ததைச் சென்றியிலை சோதிச்சுப் பறிச்சுப் போட்டாங்கள். உது என்ன மருந்து, ஆருக்கு மருந்து எண்டு கேட்டு நிலத்திலை கொட்டினாங்கள் எண்டு நீ வந்து சொல்லேக்கை உன்ரை கண் சிவந்து கிடந்தது. திரும்பவும் போனனீ. கதிர்காமத்துத் திருநீற்றுப் பைக்குள்ளை புதைச்சு வைச்சுக் கொண்டு வந்தனீ. அந்த டொக்டர் பிள்ளை ஒவ்வொண்டாய்த் திருநீறு தட்டிப் பாத்து, "ஓம், இதுதான்" எண்டு சிரிச்சாள். கொப்பர் கையிலை ஒட்டின திருநீற்றை நெத்தியிலை பூசிப்போட்டுத்தான் முதல் குளிசையை விழுங்கினவர். நீ பட்ட பாட்டை நான் மறக்கேல்லையடா தம்பி. தண்ணியிலையும் தரையிலையும் உயிரைக் குடுத்து அதைக் கொண்டு வந்த நீயே, ஏதோ சங்கக்கடையிலை போய் வாங்கிற சாமான் மாதிரி, மருந்திருக்குத்தானே எண்டு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

பேந்து நடந்த கூத்தைக் கேள். இங்கிலிஸ் மருந்து சூடு எண்டு எங்கடை சனத்துக்கு ஒரு நினைப்பு. மாமி தன்ரை மாட்டிலை பால் கறந்து, சுண்டக் காய்ச்சி, செம்போடை கொண்டு ஓடி வருவா. "வெறும் வயித்திலை உந்தச் சூட்டு மருந்தைக் குடியாதை அண்ணை, குடல் வெந்துபோம், பாலோடை குடி" எண்டு பக்கத்திலை நிண்டு குடிப்பிப்பா. அதோடை இளைச்சுப் போனார் எண்டு ஆரோ சொல்ல, ரத்தம் ஊறுற இரும்புச் சத்து மருந்தும் ஒரு கரண்டி. அண்ணன் தங்கச்சி பாசத்தைப் பாத்து எனக்கும் பூரிப்பு. ஒரு சுகமும் வரேல்லை. நடுக்கம் நடுக்கமாய்த்தான் நிண்டுது. டொக்டர் பிள்ளை மண்டையைப் பிய்ச்சுக்கொண்டு, என்னத்தோடை குடுக்கிறியள் எண்டு கேக்க, மாமி நெஞ்சை நிமித்திக்கொண்டு, "சுத்தமான பசுப்பாலோடை" எண்டா. அந்தப் பெட்டை கதிரையிலை சாய்ஞ்சு இருந்திட்டாள். அந்தக் குளிசைக்கு வெறும் வயிறு வேணுமாம். பாலும் சாப்பாடும் அதின்ரை வீரியத்தைக் குறைக்குமாம், இரும்புச் சத்து எண்டால் குளிசை அதைப் பிடிச்சுக்கொண்டு பாதரசத்தை விட்டிடுமாம். கிளாலியாலை நீ கொண்டு வந்த மருந்திலை பாதியை இப்பிடித்தான் மாமியின்ரை பாலோடை கக்கூசுக்கு அனுப்பினம். மாமியை ஏசவும் மனம் வரேல்லை, ஏசாமல் இருக்கவும் ஏலேல்லை. வேலிக்கரையிலை போய் நிண்டு கிடுகோடை கதைச்சன்.

சரி, மிச்சத்தை ஒழுங்காய்க் குடுத்தம். வெறும் வயித்திலை, பச்சைத் தண்ணியோடை. அப்ப அது வேலை செய்தது, இல்லையெண்டு சொல்ல மாட்டன். முரசு ஆறிச்சுது. வீணி நிண்டுது. ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே தூக்கிச் சிந்தாமல் குடிச்சுப்போட்டு, "இஞ்சேர், பாத்தியோ" எண்டு எனக்குக் கோப்பையைக் கவிட்டுக் காட்டினார். நான் குசினிக்குள்ளை போய் அழுதன். அந்தக் கோப்பையைக் கழுவாமலே கனநேரம் வைச்சிருந்தன். வேலி வழியை போன சனத்தைக் கூப்பிட்டுப் பகிடி விடத் தொடங்கினார். எனக்கு என்ரை மனுசன் திரும்பி வந்திட்டார் எண்டு இருந்தது.

அதுக்குள்ளை வந்தார் எங்கடை ஊர்க் கோயில் மனேச்சர். கோயிலின்ரை ஒரு கலசம் அரைகுறையாய்க் கிடக்கு, நாள் வைச்சாச்சு, நீங்கள் இல்லாமல் ஆர் செய்யிறது எண்டு வெத்திலை போட்டபடி கதைச்சார். நான் கதவு நிலையிலை நிண்டு, ஏலாது எண்டன். கொப்பர் என்னைத் திரும்பிப் பாத்து என்ன சொன்னவர் தெரியுமோ? "நான்தான் மருந்து குடிக்கிறன்தானே. ஒருபக்கத்தாலை ஏறினால் மற்றப் பக்கத்தாலை இறங்கிப் போம்" எண்டார். அதே கதை. நீ போன கிழமை படலையடியிலை சொன்ன அதே கதை. அப்பவும் நான் கத்தினன். ஓட்டை வள்ளத்திலை ஓட்டையை அடைக்காமல் தண்ணி இறைக்கிற வேலை எண்டன். அறைத் திறப்பை ஒளிச்சு வைச்சன், பூட்டையே உடைச்சார். தெய்வ காரியத்திலை பொம்பிளையள் குறுக்கை நிக்கக்கூடாது எண்டு மனேச்சர் எனக்குப் புத்தி சொல்லிப்போட்டுப் போனார். கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவே சொன்னவை?

அந்த ஒரு கலசத்தோடை எல்லாம் போச்சு. நடுக்கம் முந்தியிலும் மோசமாய் வந்தது, நடையும் தள்ளாடிச்சுது. திரும்பக் குளிசையைக் கூட்டிக் குடுத்தம். முதலிலை வாய் உருசை போச்சு, மாம்பழத்தைக் குடுத்தாலும் மண் எண்டார். உடம்பெல்லாம் தடிச்சுச் சொறிஞ்சுது. பேந்து கால் வீங்கிச்சுது. டொக்டர் பிள்ளை மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயிலை விட்டு நெருப்பிலை பிடிச்சுக் காட்டினாள். முட்டை வெள்ளைக்கரு மாதிரித் திரண்டுது. சிறுநீரகத்தாலை சத்துப் போகுதாம், பாதரசமும் அதைக் கெடுத்திருக்கும், இந்தக் குளிசையும் கெடுக்கும், இனிக் குடுத்தால் ஆளே மிஞ்சாது எண்டு நிப்பாட்டிப் போட்டாள். வேறை மாற்று மருந்து? ஊசி ஒண்டு இருக்காம், அதுவும் இவற்றை உடம்புக்கு ஒத்துவராதாம். அவள் எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "நான் முதல் நாளே சொன்னனான் அம்மா" எண்டாள். அவளுக்கும் ஆத்திரம். மருந்து இருக்கு தம்பி, ஓம், அலுமாரிக்குள்ளை மிச்சம் கிடக்கு, திருநீறும் ஒட்டினபடி. அது கொப்பருக்கு இல்லை. நாளைக்கு உனக்கும் ஒத்துக்கொள்ளுமெண்டு உனக்கு எந்தச் சாத்திரி சொன்னவன்?

இப்ப அவர் எப்பிடி எண்டு நீ வந்து போற அரைமணித்தியாலத்திலை காண ஏலாது. சோத்தை நான் தீத்த வேணும். சேட்டுப் பொத்தானை நான் பூட்ட வேணும். நீ வாறாய் எண்டு தெரிஞ்சால் கையை வேட்டிக்குள்ளை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இருப்பார், நீ போனாப் பிறகுதான் எடுப்பார். எங்கடை பிள்ளையார் கோயில் கலசத்தை ஆக்கள் அண்ணாந்து பாத்து, "அப்பா என்ன மினுக்கம்!" எண்டு சொல்லினம். நான் கோயிலுக்குப் போறனான், அண்ணாந்து பாக்கிறேல்லை. பிள்ளையாரோடை எனக்கு ஒரு கோவமுமில்லை. அவர் கேட்டவரே?

புத்தி சொல்லாமல் என்னெண்டு முடிக்கிறது? நெல்லியடி மனேச்சரிட்டைப் போய், ஏலாது எண்டு சொல்லு. வாக்குக் குடுத்தால் என்ன, வாக்கு மாறினவன் எண்டு பேர் வரட்டும், பேர் வந்து ஒருத்தனும் கை நடுங்கினதில்லை. நல்ல செம்பிலை கலசம் செய்து குடு, பழப்புளி போட்டு மினுக்கினால் அதுவும் வெய்யிலுக்கு நெருப்பு மாதிரித்தான் நிக்கும். கறுத்தால் திரும்ப மினுக்கட்டும், ஊரிலை இளந்தாரியளுக்கு வேறை என்ன வேலை? கறண்ட் வாற நாளைக்குப் பொன் பூசலாம். வராட்டில் சாமி செம்போடை இருப்பார். உனக்குத் தாலி செய்யத் தெரியும், தோடு செய்யத் தெரியும், சோத்துக்கு அது காணும். பவானியை அந்தத் தட்டிக்குப் பக்கத்திலை படுக்க விடாதை. நீ அந்த அறையைப் பூட்டிப்போட்டன் எண்டு எனக்கு ஆள் அனுப்புற வரைக்கும் அவள் இஞ்சை வந்து என்னோடை இருக்கட்டும்.

போத்தலைத் தேடி வராதை, கிடையாது. அதை எங்கை கொட்டுறதெண்டும் எனக்குத் தெரியேல்லை. கிணத்துக்குள்ளை விட்டால் தண்ணி நஞ்சு, தோட்டத்திலை விட்டால் கிணத்துக்குத்தான் வரும், தொண்டைமானாத்துத் தண்ணியிலை விட்டால் மீனுக்குள்ளை போம். டொக்டர் பிள்ளையைக் கேட்டன், மூடியை மெழுகாலை அடைச்சு, தண்ணியுள்ள சாடிக்குள்ளை வைச்சுப் பூட்டி வையுங்கோ எண்டாள். வைச்சிருக்கிறன், திறப்பு என்ரை தாலிக்கொடியிலை கிடக்கு. இந்த முறை பூட்டை உடைக்கிறவன் என்னைத் தாண்டித்தான் போக வேணும்.

இதை எழுதி முடிச்சுக் கொப்பருக்கு வாசிச்சுக் காட்டினன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர். முடிய, "பேனையைத் தா" எண்டார். வேண்டாம், நான் அவற்றை பேரையும் எழுதிவிடுறன் எண்டன், விடேல்லை. நான் கடுதாசியை ரண்டு கையாலும் அமத்திப் பிடிச்சன், அவர் எழுதினார். கீழை கிடக்கிற கோட்டைப் பாத்து, மை சிந்திப் போச்செண்டு நினைச்சிடாதை. உன்ரை விரலிலை கிடக்கிற கலியாண மோதிரத்தைக் கழட்டு. உள்ளுக்குப் பவானியின்ரை பேரை எவ்வளவு பொடி எழுத்திலை, ஒரு பிசிறில்லாமல் கொப்பர் அப்ப வெட்டியிருக்கிறார் எண்டு வெளிச்சத்திலை பிடிச்சுப் பார். பாத்துப்போட்டு, இந்தக் கோட்டைத் திரும்பப் பார். அதை வெட்டின கைதான் இதையும் எழுதினது.

கொம்மா